நெற்றும் விதைப்பும்: ‘பாட்காஸ்ட்’ என்ற ஒட்டுச்சொல்

விதைப்பதில் பல வகை உண்டு. வரிசை பிடித்துக் குழியில் ஊன்றலாம். நாற்று விட்டுப் பிடுங்கி நடலாம். எல்லாவற்றிலும் பழைய முறை, விதையை மடியில் கட்டிக்கொண்டு நடந்தபடியே கையை அகல வீசித் தூவிக்கொண்டு போவது. இந்தத் தூவி விதைப்புக்கு 18ஆம் நூற்றாண்டு ஆங்கில உழவர்களிடம் இருந்த சொல்தான் ‘ப்ராட்காஸ்ட்’. ‘ப்ராட்’ என்றால் அகலம். ‘காஸ்ட்’ என்றால் வீசுதல். 1920களின் தொடக்கத்தில் வானொலி வந்தது. கேட்பவர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரியாமலே எல்லாத் திசையிலும் குரலை இறைக்கும் வேலை அது. அதற்குப் பெயர் வேண்டியிருந்தபோது வயலில் கிடந்த சொல்லைத் தூக்கிக்கொண்டார்கள். நாம் ‘ஒலிபரப்பு’ என்றோம். அந்தப் ‘பரப்பு’க்குள்ளும் அதே கைவீச்சு இருக்கிறது.

‘பாட்’ என்பதும் செடியிலிருந்து வந்த சொல்தான். பட்டாணி, பயறு வகைகளில் விதைகளைப் பொதிந்து வைத்திருக்கும் நெற்றுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். அப்படியானால், இணையம் வழியாக இறக்கி நினைத்த நேரத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சிக்கு வழங்கும் ‘பாட்காஸ்ட்’ என்ற பெயரை உறுப்புக்கு உறுப்பு தமிழாக்கினால் ‘நெற்று விதைப்பு’ என்று வரும். நல்ல படிமம். ஆனால் சொல்லைக் கட்டியவர் நெற்றையும் நினைக்கவில்லை, வயலையும் நினைக்கவில்லை. அவர் நினைத்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் என்ற பாட்டுப்பெட்டியை. இரண்டு வேளாண் சொற்கள் தொழில்நுட்பத்தின் பின்வாசல் வழியாக வந்து மறுபடி சேர்ந்துகொண்டது முழுக்கத் தற்செயல்.

2004 பிப்ரவரி 12 அன்று லண்டனின் ‘தி கார்டியன்’ நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில்தான் இந்தச் சொல் முதலில் அச்சேறியது. எம்பி3 பெட்டிகள் பலருடைய சட்டைப்பைக்கு வந்துவிட்டன, ஒலித்தொகுப்பு மென்பொருள் மலிவாகவோ சும்மாவோ கிடைக்கிறது, வலைப்பதிவும் ஊன்றிவிட்டது. எனவே தனியாட்கள் நடத்தும் வானொலி ஒன்று கிளம்பப்போகிறது என்பது அவருடைய கணிப்பு. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டு, வரிசையாக மூன்று பெயர்களைப் போட்டார்: ஆடியோபிளாக்கிங், பாட்காஸ்டிங், கெரில்லா மீடியா. அச்சுப் பக்கத்தை நிரப்ப ஒரு வாக்கியம் குறைந்ததால் அந்த வரியைச் சேர்த்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மூன்றில் நடுவிலிருந்தது மட்டும் ஏன் பிழைத்தது? வாயில் சொல்லிப் பார்த்து ஒலித்துண்டுகளை எண்ணினால் பாதி விடை கிடைத்துவிடும். ஆ-டி-யோ-பிளாக்-கிங்: 5. கெ-ரில்-லா மீ-டி-யா: 6. பாட்-காஸ்-டிங்: 3. கடைசி ‘இங்’கைக் கழற்றினால் வெறும் 2. அப்படிக் கழற்றித்தான் பின்னால் ‘பாட்காஸ்ட்’ என்ற பெயர்ச்சொல்லே கிடைத்தது. ஹேமர்ஸ்லி தந்தது தொழிற்பெயர். ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கும் பெயரும் ‘பாட்காஸ்டர்’ என்ற ஆட்பெயரும் அதிலிருந்து கிளைத்தவை. ‘கெரில்லா மீடியா’வை வைத்து இப்படிக் கிளைக்க முடியுமா? அதை நடத்துகிறவரை என்னவென்று கூப்பிடுவது?

மறுபாதி விடை காதில் இருக்கிறது. ‘ப்ராட்காஸ்ட்’, ‘பாட்காஸ்ட்’ இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். உயிரொலி நெருங்கியது. ‘காஸ்ட்’டுக்கு முன்னால் வரும் மெய் இரண்டிலும் ஒன்றே. அழுத்தமும் இரண்டிலும் முதல் துண்டின்மேல்தான் விழுகிறது. முதன்முறை கேட்கிறவருக்கும் பழைய சொல்லின் நிழல் தட்டுப்படுகிறது. பொருளை விளக்கும் வேலையில் பாதியை அந்த நிழலே செய்துவிடுகிறது.

இனி ஐபாட். 2001 அக்டோபர் 23 அன்று வெளியானது. முதல் பெட்டியில் 5 ஜிபி இடம். பெயரைத் தந்தவர் வின்னி சியேக்கோ என்ற விளம்பர எழுத்தாளர். தாய்க்கலத்திலிருந்து சிறு கலங்கள் பிரிந்து போய்விட்டுத் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும் விண்வெளிக் காட்சி அவர் மனத்தில் இருந்தது. அந்தச் சிறுகலத்துக்கு ஆங்கிலத்தில் ‘பாட்’ என்று பெயர். கணினி தாய்க்கலம், பாட்டுப்பெட்டி சிறுகலம். விதையைப் பொதிந்த நெற்று, கருவியையோ ஆளையோ பொதிந்த கலமாக 20ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மாறிவிட்டிருந்தது.

முன்னால் ஒட்டிய ‘ஐ’, 1998இல் வந்த ஐமேக் கணினியின் வழி வந்தது. அங்கே அது முதலாவதாக இணையத்தைக் குறித்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ஐபாடுக்கு இணைய இணைப்பே கிடையாது. கணினியில் கம்பியைச் செருகித்தான் எதையும் ஏற்ற முடியும். அப்படியிருந்தும் பெயரில் இணையத்தின் எழுத்து இருந்தது. பிறகு இணையம் வழியாகவே பரவும் ஒலிக்குப் பெயர் கட்டியபோது, இருந்த அந்த ஒரே எழுத்தையும் வெட்டிப் போட்டுவிட்டார்கள்.

பெயருக்கு முன்பே பொருள் இருந்தது

2000ஆம் ஆண்டில் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசிக் கம்பி வழி இணையம்தான். நல்ல நாளில் நொடிக்கு 56 கிலோபிட். ஒரு மணி நேர நிகழ்ச்சியை நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் எம்பி3 ஆக்கினால், நொடிக்கு 16,000 பைட் வீதம் 3,600 நொடிக்கு 57.6 எம்பி ஆகும். அதை அந்தக் கம்பியில் இறக்க 2 மணி 17 நிமிடம். கேட்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல். சொடுக்கிவிட்டு உட்கார்ந்திருக்க எவருக்குப் பொறுமை இருக்கும்?

எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி இதற்கு ஒரு வழி யோசித்தார்: ஆள் தூங்கும் நேரத்தில் கணினி தானாக இறக்கி வைக்கட்டும், காலையில் சொடுக்கியதும் ஒலிக்கட்டும். வலைப்பதிவுகளின் புது இடுகைகளை அறிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடையை வளர்த்துக்கொண்டிருந்த டேவ் வைனர், 2000 டிசம்பரில் வந்த 0.92 பதிப்பில் ‘என்க்ளோஷர்’ என்று ஓர் உறுப்பைச் சேர்த்தார். கடித உறைக்குள் இணைத்து அனுப்பும் தாளைப் போல, இடுகையோடு ஒரு கோப்பை இணைத்து அனுப்பும் ஏற்பாடு அது. பாட்காஸ்டைப் பாட்காஸ்ட் ஆக்குவது இந்த உறுப்புதான். வலைத்தளத்தில் ஓர் ஒலிக்கோப்பைப் போட்டுச் சுட்டி கொடுத்தால் அது இறக்கத்தக்க கோப்பு, அவ்வளவே. ஓடையில் இணைத்து, சந்தா வைத்தவருடைய செயலி தானாக எடுத்துக்கொள்ளும்போதுதான் அந்தப் பெயருக்குரிய பொருள் வருகிறது.

அந்த உறுப்பில் கட்டாயமாக மூன்று தகவல்கள் இருக்க வேண்டும்: கோப்பின் முழு முகவரி, பைட் கணக்கில் அதன் அளவு, கோப்பு வகை (எம்பி3 என்றால் ‘ஆடியோ/எம்பெக்’). பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. அளவைப் பைட்டில் தராமல் எம்பியில் எழுதுவார்கள், அல்லது சுழியம் என்று விடுவார்கள். சில செயலிகள் இறக்கும்போது எவ்வளவு முடிந்தது என்று காட்டத் தடுமாறும். கோப்பு வகையைத் தப்பாகக் குறித்தால் ஒலியென்றே எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடும். இவற்றைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தரும் அடையாளக் குறியில் கைவைப்பது. தளத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது அந்தக் குறியும் மாறிவிட்டால், கேட்பவரின் செயலி பழையவை எல்லாவற்றையும் புதியவை என்று எண்ணி ஒட்டுமொத்தமாக மறுபடி இறக்கும். முகவரி மாறினாலும் அடையாளக் குறியைத் தொடக்கூடாது.

2004 ஆகஸ்டில் ஆடம் கரி தம் நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஓடையிலிருந்து கோப்பை எடுத்து ஐபாடுக்குள் ஏற்றும் ‘ஐபாடர்’ என்ற சிறு நிரலும் அதே காலத்தில் சுற்றுக்கு வந்தது. பிப்ரவரியில் எழுதிப் போட்ட பெயர் அதுவரை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. செப்டம்பரில் இந்தக் கூட்டத்தார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாதம் 28ஆம் தேதி வலைப்பதிவர் டாக் சீர்ல்ஸ், கூகுளில் இந்தச் சொல்லுக்கு 24 முடிவுகள் வருவதாகவும், ஓராண்டில் அது லட்சக்கணக்கில் போகும் என்றும் எழுதினார். 2005 ஜூன் 28 அன்று ஆப்பிளின் பாட்டு நிரலான ஐட்யூன்ஸின் 4.9 பதிப்பு 3,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளோடு பாட்காஸ்ட் பட்டியலைத் திறந்தது. இரண்டே நாளில் 10 லட்சம் சந்தாக்கள். அந்த ஆண்டு முடிவில் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதி இதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. முந்தைய ஆண்டே பரிசீலித்து, புழக்கம் போதாதென்று அகராதிக்காரர்கள் ஒதுக்கிவைத்திருந்த சொல் அது.

தவறான பிறப்புச் சான்றிதழ்

‘பாட்’ என்பது ‘பெர்சனல் ஆன் டிமாண்ட்’ என்பதன் முதலெழுத்துகள் என்று ஒரு விளக்கம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘ப்ளேயபிள் ஆன் டிமாண்ட்’ என்று மாற்றிச் சொல்வோரும் உண்டு. இரண்டுமே பெயர் வந்தபின் தைத்துப் போட்ட சட்டை. இப்படி ஒரு விரிவு காதில் விழுந்தால் செய்ய வேண்டிய சோதனை எளிது. சொல் முதலில் தோன்றிய இடத்துக்குப் போய், அங்கே அந்த விரிவு இருக்கிறதா, பக்கத்தில் என்ன பேசப்படுகிறது என்று பார்க்க வேண்டும். 2004 கட்டுரையில் அந்த விரிவு இல்லை. பெயர்கள் வரும் இடத்துக்குச் சற்று முன்பாகவே ஐபாட் இருக்கிறது. வேறொரு நிறுவனத்தின் பொருட்பெயரைத் தங்கள் தொழிலுக்குச் சூட்டிக்கொள்ளத் தயங்கியவர்களுக்கு இந்த விரிவு வசதியாக இருந்தது, அதனால் பரவியது. தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வணிகக்குறி வழக்கு வருமோ என்ற பேச்சு 2006இல் இருந்தது. லியோ லபோர்ட் என்ற ஒலிபரப்பாளர் அப்போது ‘நெட்காஸ்ட்’ என்ற மாற்றுப்பெயரை முன்வைத்துத் தம் நிகழ்ச்சிகளில் விடாமல் சொல்லிவந்தார். பொருளளவில் அதுவே பொருத்தமான பெயர். ஆனாலும் ஊன்றவில்லை, ஓடத்தொடங்கிய சொல்லை நியாயம் பேசி நிறுத்த முடிவதில்லை.

‘வெப்காஸ்ட்’ என்ற சொல் 1990களிலேயே இருந்ததே, அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். அது நேரலைக்குப் பழகிவிட்ட சொல். குறித்த நேரத்தில் கணினி முன் உட்கார்ந்தால்தான் வெப்காஸ்ட். பாட்காஸ்டின் உயிரே, கேட்பவர் நினைத்த நேரத்தில், நடந்துகொண்டே கேட்பது.

ஒட்டா, தொகையா?

இரண்டு சொற்களைச் சீவிச் சேர்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘போர்ட்மான்டோ’ என்று பெயர். இரண்டு பக்கமாகப் பிளந்து திறக்கும் பயணப்பெட்டியின் பெயர் அது. லூயிஸ் கரோல் 1871இல் ஒரு கதாபாத்திரத்தின் வாயில் அந்த உவமையை வைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘ஒட்டுச்சொல்’ என்பதே இதற்குச் சரியாக இருக்கும். செடிக்கு ஒட்டுக்கட்டும்போது இரண்டு தண்டையும் சீவியாக வேண்டும். சீவாமல் பக்கத்தில் வைத்துக் கட்டினால் அது ஒட்டு ஆகாது.

ஒரு சொல் உண்மையான ஒட்டா என்று பார்க்க, முதலில் இரு மூலச்சொற்களையும் முழுதாக எழுதி, காணாமல் போன பகுதியை அடித்துக் காட்ட வேண்டும். ‘ஸ்மாக்’ என்றால் புகை என்னும் ‘ஸ்மோக்’கின் வாலும் மூடுபனி என்னும் ‘ஃபாக்’கின் தலையும் போயின, 1905இல் லண்டனில் மருத்துவர் டெ வூ முன்வைத்த சொல் அது. அடுத்து, ஒலித்துண்டுகளை எண்ண வேண்டும். நன்றாக அமைந்த ஒட்டு பெரும்பாலும் இரண்டாவது சொல்லின் நீளத்தையே எடுத்துக்கொள்கிறது. ஃபாக் 1, ஸ்மாக் 1. ஹோட்டல் 2, மோட்டல் 2. எக்சிட் 2, பிரெக்சிட் 2. ப்ராட்காஸ்ட் 2, பாட்காஸ்ட் 2. மூன்றாவதாக, தலைமை எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். மோட்டல் ஒரு வகை ஹோட்டல், மோட்டார் வண்டி அல்ல. பாட்காஸ்ட் ஒரு வகை ஒலிபரப்பு, ஒரு வகை ஐபாட் அல்ல. வலப்பக்கச் சொல்லே இனத்தைச் சொல்கிறது. தமிழ்த் தொகைச்சொல்லுக்குப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

பாட்காஸ்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெட்டியபின் மிஞ்சிய ‘பாட்’, ‘காஸ்ட்’ இரண்டும் தனித்தனியே முழுச்சொற்கள். ஸ்மாக்கில் மிஞ்சும் ‘ஸ்ம்’ தனியாக எதுவும் ஆகாது. அதனால் இதை ஒட்டு என்பதா, தொகை என்பதா என்று மொழியியலில் வாதம் உண்டு. இன்னொரு வாதமும் சேர்கிறது: டெலிகாஸ்ட், நியூஸ்காஸ்ட், சைமல்காஸ்ட் என்று 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே ‘காஸ்ட்’ ஒரு பின்னொட்டுப் போலப் பிரிந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஒட்டுதான் என்பதே வலுவான பக்கம். வெறும் ‘பாட்’டுக்கு நெற்று என்றும் கலம் என்றும் பொருள் உண்டு, பாட்டுப்பெட்டி என்ற பொருள் இல்லை, அது ஐபாடின் துண்டாக இருப்பதால் மட்டுமே அந்தப் பொருளைத் தருகிறது. ‘காஸ்ட்’டும் தனியே நின்றால் வீசுதல்தான், ஒலிபரப்பு என்று ஆகாது. வெட்டுண்ட பகுதி கண்ணில் படாமல் பொருளுக்குள் உயிரோடு இருந்தால் அது ஒட்டு.

இந்தத் தாய்ச்செடியிலிருந்து கட்டிய ஒட்டுகள் எல்லாம் பிடித்துவிடவில்லை. படத்தோடு வருவதற்கு ‘வாட்காஸ்ட்’ என்றார்கள். ஒற்றை எழுத்துதான் வேறுபாடு. வேகமான பேச்சில் எது சொல்லப்பட்டதென்றே காதுக்குப் பிடிபடாது. இன்று படத்தோடு வருவதையும் மக்கள் பாட்காஸ்ட் என்றே சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சநாள் நடத்தித் தேய்ந்து நின்றுபோவதற்கு ‘பாட்ஃபேட்’ என்ற சொல் உண்டு. அது பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அந்த நிலை அடிக்கடி நேர்வது. தேவையும் ஒலியும் சேர்ந்தால்தான் ஒட்டு துளிர்க்கும்.

மற்ற மொழிகள் இதைக் கையாண்ட விதம் சுவையானது. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சுக்காரர்கள் ‘பலாடோடிஃப்யூசியோன்’ என்று கட்டினார்கள். உலாவிக்கொண்டே கேட்கும் பெட்டிக்கு அவர்கள் மொழியில் ‘பலாடர்’, ஒலிபரப்புக்கு ‘ரேடியோடிஃப்யூசியோன்’. இரண்டையும் சீவி, ஆங்கிலம் செய்த அதே அறுவையைத் தங்கள் உறுப்புகளை வைத்துச் செய்தார்கள். நிறுவனப் பெயரை மட்டும் உள்ளே விடவில்லை. ஐஸ்லாந்து மொழியில் வானொலிக்குப் பெயரே ‘வெளியே வீசுதல்’. அந்த ‘வீசுத’லை வைத்துக்கொண்டு, முன்னால் ‘ஏற்றுதல்’ என்பதைச் சேர்த்தார்கள். சீனத்தில் ‘போகெ’. அதன் முதல் எழுத்துக்கு விதைத்தல், ஒலிபரப்புதல் என்று இரு பொருளும் உண்டு. ஆங்கிலம் தற்செயலாக இழுத்து வந்த வயல், சீனத்தில் எழுத்திலேயே கிடக்கிறது.

தமிழில் ‘வலையொலி’ புழங்குகிறது. வலைக்கும் ஒலிக்கும் நடுவே யகர உடம்படுமெய் வந்து இணைத்ததே தவிர, எதுவும் வெட்டுப்படவில்லை. இது புணர்ச்சி, ஒட்டு அல்ல. நம் மொழிக்கு வெட்டவே தெரியாது என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். மலையமான் நாடு ‘மலாடு’ ஆயிற்று. சோழ நாடு ‘சோணாடு’ ஆயிற்று. அருமருந்தன்ன என்பது ‘அருமந்த’ என்று சுருங்கியது. இலக்கணம் இவற்றை மரூஉ என்கிறது. மலாடு பார்வைக்கு மோட்டலின் உடன்பிறப்பு மாதிரியே இருக்கும். வேறுபாடு ஒன்றுதான்: மரூஉ பலர் வாயில் நெடுநாள் தேய்ந்து வருவது, ஒட்டு ஒருவர் ஒரே நாளில் கத்தியெடுத்துச் செய்வது. அப்படிக் கத்தியெடுத்துத் தமிழில் செய்த ஒன்றும் உண்டு: ‘தமிங்கிலம்’. தமிழின் ழகரமும் ஆங்கிலத்தின் ஆகாரமும் போய், வெட்டுவாய் தெரியாமல் பொருந்தியிருக்கிறது.

‘வலையொலி’யின் குறை பொருளில் இல்லை. இணைய வானொலிக்கும் அது பொருந்திவிடும் என்பது சிறு குறைதான். வினையில்தான் அது தடுக்குகிறது. ‘வலையொலித்தார்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘பாட்காஸ்ட் செய்தார்’ என்று சுற்றிப்போகிறோம். எழுத்திலும் பாட்காஸ்ட், பாட்கேஸ்ட், பொட்காஸ்ட் என்று மூன்று விதம் திரிகிறது. குறுகிய ஆங்கில ஒகரத்துக்குத் தமிழில் ஆகாரமா ஒகரமா என்ற பழைய வழக்கும், ‘காஸ்ட்’டை இங்கிலாந்து முறையில் சொல்வதா அமெரிக்க முறையில் சொல்வதா என்ற புது வழக்கும் சேர்ந்து வந்த விளைவு. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுரைக்குள் மாறாமல் எழுதினால் போதும்.

ஆங்கிலத்திலும் வினை ஒழுங்காக இல்லை. ‘காஸ்ட்’ இறந்தகாலத்திலும் ‘காஸ்ட்’தான், உருவம் மாறாது. அந்தக் கணக்கில் நேற்று நடத்தியதும் ‘பாட்காஸ்ட்’ என்றே இருக்க வேண்டும். புதிதாகப் பிறந்த வினை என்று பார்த்தால் ‘பாட்காஸ்டட்’. இரண்டையும் எழுதுகிறார்கள், அகராதியும் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆப்பிள் 2022 மே மாதம் ஐபாடை நிறுத்திவிட்டது. ‘ப்ராட்காஸ்ட்’டா ‘ப்ராட்காஸ்டட்’டா என்று வானொலிக்காரர்கள் போட்டுக்கொண்ட அதே தகராறு மட்டும் பேரப்பிள்ளையிடம் வந்து சேர்ந்திருக்கிறது.